நீண்ட உறவு என்னும் சான்றிதழ்

அந்நிய நிறுவனம் ஒன்று ஒரு நாட்டில் நூறாண்டு கண்டுவிட்டால் அதற்கொரு புனிதம் வந்துவிடுகிறது. 'நம்பிக்கையின் நூற்றாண்டு' என்று மலர் போடுகிறார்கள், நாமும் தலையாட்டுகிறோம். நீடித்திருத்தல் வேறு, நம்பத்தக்கதாயிருத்தல் வேறு. ஜப்பானில் ஜெர்மானிய ஸீமென்ஸ் நிறுவனத்தின் கதையே இதற்குப் போதிய சான்று.

1861இல் பிரஷ்யத் தூதுக்குழு ஷோகுன் அரசுக்கு அளித்த பரிசுகளுள் ஸீமென்ஸின் தந்திக் கருவியும் இருந்தது. 1887இல் டோக்கியோவில் அலுவலகம் திறக்கப்பட்டது. 1923இல் ஃபுருகாவா குழுமத்துடன் கூட்டாக ஃபுஜி எலெக்ட்ரிக் பிறந்தது. ஃபுருகாவாவின் 'ஃபு'வும், ஸீமென்ஸின் ஜப்பானிய உச்சரிப்பான 'ஜீமென்ஸு'வின் 'ஜி'யும் சேர்ந்த பெயர் அது. ஓர் அந்நியச் சொல் மலையின் பெயருக்குள் இத்தனை இயல்பாகக் கரைந்ததை வியக்காதிருக்க முடியாது.

ஆனால் அதே சொல் அம்மொழியில் கரையாமலும் நிற்கிறது, 'ஸீமென்ஸ் விவகாரம்' என்று. டோக்கியோ அலுவலக ஊழியர் ஒருவர் ஆவணங்களைத் திருடி, நிறுவனத்தை மிரட்டிப் பணம் பறிக்க முயன்று, பெர்லின் நீதிமன்றத்தில் நின்றார். ஒப்பந்தங்களுக்காக ஜப்பானியக் கடற்படை அதிகாரிகளுக்குத் தரகுப்பணம் போனது 1914 ஜனவரியில் அவ்வழக்கின் வழியே அம்பலமாயிற்று. தொடர்ந்த விசாரணையில், 'கொங்கோ' போர்க்கப்பலைக் கட்டிய பிரிட்டனின் விக்கர்ஸும் அதன் முகவரான மிட்சுயியும் சிக்கின. பிப்ரவரியில் மக்கள் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்தனர்; மார்ச்சில் யமமோட்டோ அமைச்சரவை வீழ்ந்தது.

உண்மையை வெளிக்கொணர்ந்தது தணிக்கையன்று, மனசாட்சியுமன்று, ஒரு திருட்டு! உறவின் நீளம் அதை மறைக்கத்தான் உதவியது.

'அது அக்கால வழக்கம்' என்று வாதிடுவோர் உண்டு. அப்படியானால், பல நாடுகளில் கையூட்டு தந்த வழக்குகளை முடிக்க, 2008இல் இதே நிறுவனம் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலுமாக ஏறத்தாழ 160 கோடி டாலர் செலுத்த நேர்ந்ததே, அது எக்காலத்து வழக்கம்?

தந்தியையோ மின்சாரத்தையோ நாம் மறுக்கவில்லை. அவை வந்தன, பயன்பட்டன, அவற்றுக்கு விலையும் கொடுக்கப்பட்டது. விற்றதும் வாங்கியதும் நட்பு என்ற பெயரில் வரலாறாக எழுதப்படுவதையே மறுக்கிறோம். 1861, 1887, 1923 என்று எண்ணுகிறவர்கள் 1914ஐயும் சேர்த்து எண்ணட்டும். அதைத் தாண்டிக் குதிக்கும் எழுத்துக்கு விளம்பரம் என்றுதான் பெயர்.