மீட்டருக்கும் இடம் பாருங்கள்

நம்மவர்கள் வீடு கட்டினால் ஒரு தடவையோடு நிறுத்திக் கொள்வதில்லை. முதலில் இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமும்; குழந்தைகள் வளர்ந்ததும் தாழ்வாரத்தை மூடி ஓர் அறை; மூத்தவனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மேலே ஒரு மாடி. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கங்களில் இவ்விதம் வளராத வீட்டைக் காண்பது அரிது. 1931-ஆம் வருஷத்தில் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்த ரயிலை நம்பி இங்கே குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்று சேர்த்துத் தாம்பரத்தை மாநகராட்சியாகவே ஆக்கி விட்டார்கள். ஊர் வளர்ந்ததைப் போலவே வீடுகளும் முன்னும் பின்னும் மேலும் வளர்ந்து வருகின்றன.

வீடு வளர்கிறது, மின்சார மீட்டர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து விடுகிறது. தாழ்வாரத்துச் சுவரில் ஊரார் பார்க்க இருந்த மீட்டர், தாழ்வாரம் அறையானதும் படுக்கையறைக்குள் அகப்பட்டுக் கொள்கிறது. கணக்கெடுக்க வரும் சிப்பந்தி கட்டிலைச் சுற்றிக் கொண்டு போய் எண்களைப் பார்க்க வேண்டியதாகிறது. இது சிரிப்புக்குரிய விஷயந்தான். ஆனால் சிரிப்புக்கு இடமில்லாத விஷயம் ஒன்று வெளியே தொங்குகிறது. மின் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஸர்வீஸ் ஒயர், முன்பு கூரைக்கு மேலே எட்டாத உயரத்தில் இருந்தது. மாடித் தளம் எழும்பியதும் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது. கொத்தனாரின் கையிலிருக்கும் நீண்ட இரும்புக் கம்பிக்கும் அந்த ஒயருக்கும் நடுவே இருப்பது ஓர் உயிர். மொட்டை மாடியில் பட்டம் விடும் சிறுவனுக்கும் இதே அபாயம் காத்திருக்கிறது.

வீதியில் செல்லும் தாழ்ந்த அழுத்த மின்கம்பிகளுக்கும் கட்டடத்துக்கும் எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் விதி செய்திருக்கிறது. மொட்டை மாடிக்கு மேலே சென்றால் இரண்டரை மீட்டர். பக்கவாட்டில் சென்றால் 1.2 மீட்டர். வீட்டை வீதிப் பக்கம் நீட்டுகிறவர்கள் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே அண்ணாந்து ஒரு முறை பார்த்துக் கொள்வது நலம்.

நிற்க. மீட்டரை நகர்த்த வேண்டும் என்று தோன்றியதும் நம்மில் பலர் செய்வது என்ன? தெரிந்த ஒயர்மேனைக் கூப்பிடுகிறோம். அவரும் முத்திரையை உடைத்து, மீட்டரைக் கழற்றிப் புதுச் சுவரில் மாட்டி, போதாத ஒயருக்குத் துண்டு ஒன்றை முறுக்கி இணைத்து, மேலே டேப்பைச் சுற்றி விட்டுப் போகிறார். அலுமினியக் கம்பியில் காற்றுப் பட்டால் மின்சாரம் எளிதில் செல்லாத ஒரு மெல்லிய படலம் உண்டாகும். அத்தகைய கம்பியை வெறுமனே முறுக்கிய இணைப்பு நாளடைவில் சூடேறும். வீட்டிலுள்ள பியூஸ் இதைத் தடுக்கும் என்று எண்ணுவது வீண். பியூஸ் இருப்பது மீட்டருக்குப் பின்னால். கோளாறு நேர்வது மீட்டருக்கு முன்னால் அல்லவா?

இதில் சட்டமும் இருக்கிறது. 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின்படி, அனுமதியின்றி மீட்டரை மின் கம்பியுடன் இணைப்பது குற்றம். மூன்று வருஷம் வரையில் சிறைவாசமோ, பதினாயிரம் ரூபாய் வரையில் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நேரான வழியும் கடினமானதன்று. மின்வாரியத்தின் விநியோகத் தொழில் 2024 முதல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்ற பெயரில் நடந்து வருகிறது. அதன் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்தால், இடத்தைப் பார்வையிட்டுச் செலவை மதிப்பிடுவார்கள். பணம் கட்டிய பிறகு அவர்களே மின்சாரத்தை நிறுத்தி, ஸர்வீஸ் ஒயரையும் மீட்டரையும் மாற்றி, முத்திரை வைப்பார்கள். புது இணைப்புக்கும் இணைப்பில் செய்யும் மாறுதலுக்கும் மத்திய சர்க்கார் காலவரையும் வகுத்திருக்கிறார்கள். 2024-ல் திருத்திய விதியின்படி பெருநகரங்களில் மூன்று நாள். மற்ற நகராட்சி எல்லைகளில் ஏழு நாள். கிராமங்களில் பதினைந்து நாள். மனுவின் நகலைப் பத்திரமாக வைத்துக் கொண்டு, நாள் கடந்தால் மரியாதையுடன், ஆனால் விடாமல், கேட்பது குடிமக்களின் உரிமை.

இனி, புது இடம் எது? அக்கினி மூலையைத் தேடுகிறவர்கள் வருண பகவானையும் கொஞ்சம் நினைத்துக் கொள்ள வேண்டும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்ததை யார் மறப்பார்கள்? 2023 டிசம்பர்ப் புயலிலும் அப்பக்கத்தார் தண்ணீரில் தத்தளித்தார்கள். அன்று நீர் எம்மட்டம் வந்தது என்று அண்டை வீட்டாரைக் கேட்டு, அதற்கு மேலே மீட்டரையும் மெயின் ஸ்விட்சையும் அமைப்பது விவேகம். மழைச்சாரல் படாமலும், வெளியாள் எளிதில் பார்க்கும்படியும் இருத்தல் வேண்டும்.

பலரும் மறந்து விடுவது எர்த் குழி. பழைய வீட்டின் ஓரத்தில் கரியும் உப்பும் இட்டுப் புதைத்த குழாய், புது அறையின் தரைக்குள் மறைந்து விடுகிறது. அல்லது அஸ்திவாரம் தோண்டும்போது அதன் கம்பி அறுபட்டு விடுகிறது. விளக்கு எரிவதால் எவரும் இதைக் கவனிப்பதில்லை. என்றைக்கோ ஒரு நாள் வெந்நீர்க் கொதிகலனிலோ துணி துவைக்கும் இயந்திரத்திலோ கசிவு ஏற்பட்டு, ஈரக் கையோடு வீட்டுப் பெண்மணி அதைத் தொடும்போதுதான் எர்த் அறுந்தது தெரிய வரும். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறை நிலத்தில் நல்ல எர்த் கிடைப்பதே பிரயாசை. ஆகையால் புதுக்குழி வெட்டி, அளந்து பார்த்த பின்னரே பழையதை மூட வேண்டும். முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்றையும் அப்போதே பொருத்தி விடலாம்.

சென்னைப் பட்டணத்துக்கு ஒரு காலத்தில் கம்பெனியார் மின்சாரம் விற்றார்கள். 1947-ல் சர்க்கார் அதை ஏற்றார்கள். 1957 ஜூலை முதல் தேதி மின்சார வாரியம் பிறந்தது. மின்சாரம் நம்முடையதாயிற்று. நம்முடையது என்றால் நம் இஷ்டம் போல் வெட்டி ஒட்டலாம் என்று அர்த்தமில்லை. நம் வீட்டு ஸர்வீஸ் ஒயரில் நேரும் பிழைக்கு, கம்பத்தில் ஏறும் லைன்மேனும் பலியாகக் கூடும். அவர் வீட்டிலும் குழந்தைகள் காத்திருப்பார்கள்.

புது அறைக்கு வானம் தோண்ட நாள் பார்க்கும் நேயர்கள், முதலில் மின்சார அலுவலகத்துக்குப் போய் வர ஒரு நாள் பார்க்கட்டும். அதற்கு ராகு காலம் கூடக் குறுக்கே நிற்காது.