வட்டக் கொட்டகைக்குள் தண்டவாளம்



மாதிரிப் புகையிரதம் சேர்ப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் எஞ்சின்கள் பெருகிவிடும். நிறுத்த இடம் வேண்டாமா? நீராவிக் காலத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கண்ட வழிதான் வட்டக் கொட்டகை. நடுவில் எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடை; அதிலிருந்து விசிறி விரித்தாற்போல் தண்டவாளங்கள். லண்டன் கெம்டனில் 1847இல் எழுந்த அத்தகைய கொட்டகை இன்று இசை, நாடக அரங்காக இருக்கிறது.

இதன் சிறு உருவம் பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் விற்பனைக்கு வருகிறது. சுவர், கூரை, கதவு எல்லாம் இருக்கும். தண்டவாளத்தை அநேகமாக நாம்தான் வாங்கிப் பொருத்த வேண்டும். சிக்கலே அங்குதான்.

என் முதல் கொட்டகையில் சுவர்களை ஒட்டி, சாயமும் பூசி, கடைசியில்தான் தண்டவாளத்தைச் செருகினேன். மூன்றாவது வழியில் எஞ்சின் வாசல் தூணில் உராய்ந்தது. தண்டவாளத்தைப் பிடுங்கப் போய்ச் சுவரே உடைந்தது. பாடசாலை விடுமுறைக்குள் முடித்துத் தருவதாக மகனுக்குச் சொல்லியிருந்தேன். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

ஆகவே, தண்டவாளம் முதலில், கட்டிடம் பிறகு.

வாங்கும்போதே கோணத்தைப் பாருங்கள். அட்லஸ் சுழல்மேடையில் வழிகள் 15 பாகைக்கு ஒன்று. வோல்தர்ஸ் கொட்டகையோ 10 பாகைக்கு அமைந்தது. மேடையின் மையத்திலிருந்து 300 மில்லிமீற்றர் தூரத்தில், 15 பாகையென்றால் அடுத்தடுத்த வழிகளின் நடுக்கோடுகளுக்கு இடையே ஏறத்தாழ 78 மில்லிமீற்றர்; 10 பாகையென்றால் 52 மட்டுமே. இரண்டையும் கலந்து வாங்கிவிட்டு, தண்டவாளத்தை வளைத்துச் சமாளிக்கலாமென்று நினைக்காதீர்கள்.

கொட்டகையின் தரையைப் பலகையில் ஒட்டாமல் வையுங்கள். மேடையின் மையத்தில் ஒரு குண்டூசி குத்தி, அதிலிருந்து நூல் பிடித்து ஒவ்வொரு வழிக்கும் நடுக்கோடு கீறுங்கள். கோடு வாசலின் நடுவே போகும்வரை தரையை நகர்த்துங்கள். எச்.ஓ. அளவில், அதாவது 87இல் ஒரு பங்கில், தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். ஆனால் பத்தடி அகல எஞ்சினுக்கு 35 மில்லிமீற்றர் வேண்டும். ஆகவே சக்கரத்தை அல்ல, உடம்பைப் பார்த்து வாசலை ஒழுங்குசெய்யுங்கள்.

உயரமும் ஏமாற்றும். கோட் 100 தண்டவாளம் 2.54 மில்லிமீற்றர் உயரம். கோட் 83 ஏறத்தாழ 2.1. மேடையில் ஒன்று, கொட்டகையில் மற்றொன்று என்றால் சேருமிடத்தில் படி விழும். தாழ்ந்ததன் கீழே மெல்லிய அட்டை வைத்துச் சமன்செய்யலாம்.

மின்கம்பிகளைத் தண்டவாளம் தரைக்குப் போகுமுன்னே ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். பிறகு பற்றவைத்தால் சூட்டில் பிளாஸ்டிக் உருகும். பிளாஸ்டிக் பசை உலோகத்தைப் பிடிக்காது, எப்பொக்சி நல்லது. சாதாரண நேர்மின்னில் ஓட்டுபவர்கள் ஒவ்வொரு வழிக்கும் தனி ஆளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றை எடுக்கப் போய் எல்லா எஞ்சின்களும் கிளம்பிவிடும்!

உங்களிடமுள்ள மிக நீளமான எஞ்சினைக் கையால் தள்ளிப் பாருங்கள். பின்னால் கதவு மூடுகிறதா? புகைபோக்கி, கூரையின் புகைத்துவாரத்துக்கு நேர் கீழே வருகிறதா? அந்த இடத்தில் தடுப்புக்கட்டையை ஒட்டுங்கள். அதன் பின்னரே சுவர்.

கூரையை மட்டும் ஒட்டவே வேண்டாம். உள்ளே எஞ்சின் தடம் புரண்டால் கைவிட்டு எடுக்க வேண்டுமே.