மூன்று சீட்டும் நமது கண்ணும்

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் இடையிலுள்ள சேக்காட்டில் நமது தோழர் ஒருவர் இருக்கிறார். இருபது வருஷ காலமாக இயக்கத்தில் உள்ளவர். ஜாதகம் பாராமல் மகளுக்குக் கலியாணம் செய்தவர். சாமியாடுகிறவரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டு, அதனால் சொந்த மாமியார் வீட்டிலேயே கெட்ட பேர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் சென்ற தை அமாவாசையன்று சொந்தக் காரியமாகத் திருவள்ளூருக்கு ரயிலேறிப் போனார். வீரராகவர் கோயில் குளத்தில் முழுகப் போகும் ஜனக் கூட்டத்தைப் பார்த்து, “இவ்வளவு ஜனங்களும் இப்படி ஏமாறுகிறார்களே” என்று பரிதாபப்பட்டுக் கொண்டே நடந்தவர், வழியில் ஒரு சிறு கும்பலில் பத்து நிமிஷம் நின்றார். நின்றவர் மூன்று சீட்டு ஆட்டத்தில் 1,800 ரூபாயைத் தோற்றுவிட்டு வீடு வந்து சேர்ந்தார்.

இதைப் பத்து நாள்வரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பணம் போனதைவிடத் தாம் யார் என்பது போனதுதான் அவருக்குப் பெரிதாயிருந்தது. பிறகு ஒரு ராத்திரி நம்மிடம் வந்து சொன்னார். சொல்லும்போது அவர் திருப்பித் திருப்பிச் சொன்ன ஒரு வார்த்தை நம்மைத் தூக்கிவாரிப் போட்டது. “நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் ஐயா, சிவப்பு ராணி நடுவில்தான் விழுந்தது” என்றார். இந்த வாக்கியம் நமக்குப் புதிதல்லவே! வெறுங்கையில் விபூதி வந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றும், படத்திலிருந்து தேன் வடிந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றும் நம்மோடு வாதத்துக்கு வருகிறவர்கள் சொல்லும் அதே வார்த்தையல்லவா இது? அவர்களைப் பார்த்து நாம் சிரித்தோம். நமது தோழரைப் பார்த்துச் சிரிக்க மட்டும் ஏனோ நமக்கு வாய் வரவில்லை.

ஆகவே, அந்த ஆட்டத்தை நாமே கற்றுப் பார்ப்பது, கற்ற பிறகு அதன் யோக்கியதை இன்னதென்று சொல்வது என்று முடிவு செய்தோம். ஒரு சீட்டுக்கட்டு வாங்கி, அதிலிருந்து சிவப்பு ராணி ஒன்றையும் கறுப்புச் சீட்டு இரண்டையும் எடுத்துக் கொண்டோம்.

சூட்சுமம் இவ்வளவுதான். மூன்று சீட்டையும் கூரை ஓடு போல் நீளவாட்டில் சற்று வளைத்துக் கொள்ள வேண்டும். அப்போதுதான் தரையிலிருந்து ஓரத்தைப் பிடித்து எடுக்க வரும். இடது கையில் ஒரு கறுப்பு. வலது கையில் இரண்டு: மேலே கறுப்பு, அடியில் ராணி. மேல் சீட்டைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்திருக்கும். அடிச் சீட்டைப் பெருவிரலும் நடுவிரலும் பிடித்திருக்கும். கையைத் திருப்பி அடியில் ராணி இருப்பதைக் கும்பலுக்குக் காட்டிவிட்டு, ஒரு வீச்சில் சீட்டைக் கீழே போட வேண்டும். அடியில் இருப்பதுதானே முதலில் விழும்? பார்க்கிறவன் அப்படியே நினைக்கிறான். ஆனால் விழுவது மேல் சீட்டு. அதை விட்ட ஆள்காட்டி விரல் சும்மா நில்லாமல் மீதமுள்ள ராணியின் மேல் வந்து ஒட்டிக்கொள்ள, நடுவிரல் மெதுவாக விலகிவிடுகிறது. இப்போது கையில் மிஞ்சியிருப்பது மேல் சீட்டுத்தான் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். இதற்குப் பிறகு மூன்றையும் தரையில் எவ்வளவு மெதுவாக இடம் மாற்றினாலும் கவலையில்லை. ஏமாற்றம் முதல் வீச்சிலேயே முடிந்துபோயிற்று. பார்க்கிறவன் கடைசிவரை கண் கொட்டாமல் தப்பான சீட்டைப் பின்தொடருகிறான்.

எழுதுவதற்கு இவ்வளவு சுலபமாயிருக்கிறதே தவிர, கை படியச் சரியாக ஆறு வாரம் பிடித்தது. முதல் வாரம் இரண்டு சீட்டும் ஒன்றாகவே விழுந்தன. மூன்றாம் வாரம் வீச்சு வந்தது. ஆனால் கண்ணாடி முன் நின்று பார்த்தால், சீட்டை விடுகிற சமயத்தில் நமது கண் தானாகவே மூடிக் கொண்டது! திருடுகிறவன் தன் முகத்தைத் தான் பாராமலிருக்க விரும்புவது இயற்கை போலும். வேகம் வேண்டும் என்று நாம் நினைத்திருந்ததும் தப்பு. நிஜமாக மேல் சீட்டைப் போடாமல் அடிச் சீட்டையே போட்டால் கை எப்படி அசையுமோ, அப்படியே பொய் வீச்சிலும் அசைய வேண்டும். அதுதான் வித்தை முழுவதும். ஆகையால் பொய்யைப் பழகுவதற்கு முன் நிஜத்தை நூறு தரம் பழக வேண்டியிருந்தது.

வந்தவர் போனவர்க்கெல்லாம் செய்து காட்டினோம். தமிழாசிரியர் ஒருவர் ஆறு தடவையும் ஏமாந்தார். ஆவடி தொழிற்சாலையொன்றில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இரண்டாம் தடவையே பிடித்துவிட்டார். எப்படி ஐயா என்றால், “நான் சீட்டைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தேன், வேலைக்காரன் விரலைத்தானே பார்ப்பான்?” என்றார். சிறு பிள்ளைகளை ஏமாற்றுவது அதைவிடக் கஷ்டமாயிருந்தது. பாரென்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் பார்ப்பதேயில்லை.

நிற்க, நமது தோழர் தோற்றது இந்த விரல் சாமர்த்தியத்தினால் மாத்திரமல்ல. அவர் வாக்குமூலத்தைக் கேளுங்கள். கும்பலில் முன்னால் நின்ற இருவர் வைத்து வைத்து ஜெயித்துக் கொண்டிருந்தார்களாம். அவர்கள் கூட்டாளிகள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களில் ஒருவன், ஆட்டக்காரன் பக்கத்தில் திரும்பிப் பேசிய சமயம் பார்த்து, ராணிச் சீட்டின் மூலையை நகத்தால் மடித்துவிட்டு நமது தோழரைப் பார்த்துக் கண் சிமிட்டினானாம். இனி மடிந்த மூலை எங்கேயோ அங்கே ராணி! தோழர் கையிலிருந்ததையெல்லாம் அதன்மேல் வைத்தார். ஆட்டக்காரனோ வீசுகிற வீச்சிலேயே ராணியின் மடிப்பை நிமிர்த்தி, கறுப்பின் மூலையை மடித்திருந்தான். இந்தத் தந்திரம் திருவள்ளூரில் பிறந்ததல்ல. அமெரிக்க ரயில்களிலும் ஆற்றுக் கப்பல்களிலும் சென்ற நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டிலேயே இதே மடிப்பினால் எத்தனையோ பேர் பையைக் காலி செய்திருக்கிறார்கள். 1902-இல் எர்ட்நேஸ் என்ற புனைபெயரில் வெளிவந்த சீட்டு வித்தைப் புத்தகத்திலும் மூன்று சீட்டு விவரமாக எழுதப்பட்டிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கடைசிப் பந்தயத்தில் தோழர் தம்மை ஏமாளி என்று நினைக்கவில்லை. ஆட்டக்காரனைத் தாம் ஏமாற்றுவதாகவே நினைத்தார். மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று தமக்குத் தெரியும் என்ற எண்ணந்தான் அவர் மடியை அவிழ்த்தது. போலீசுக்கும் போக முடியாது. 1930-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டப்படி பொது இடத்தில் சூதாடினவனும் குற்றவாளியே. இதையும் அவர்கள் கணக்குப் பண்ணித்தான் கடை விரிக்கிறார்கள்.

கணக்கென்றதும் இன்னொன்று. சூட்சுமம் ஒன்றுமேயில்லாமல், யோக்கியமாகவே மூன்று சீட்டு ஆடுவதாக வைத்துக் கொள்ளுங்கள். குருட்டாம்போக்கில் தொட்டால் மூன்றில் ஒரு தடவை ராணி வரும். நூறு வைத்து ஜெயித்தால் நூறு தருகிறான். மூன்று தடவை ஆடினால் சராசரி ஒரு நூறு வரவு, இரண்டு நூறு செலவு. போட்ட முந்நூறில் நூறு போயிற்று. இவ்வளவு கணக்குப் பார்க்கிறவன் ஏன் சூட்சுமம் தேடப் போகிறான்? கும்பலில் நிற்கிறவன் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, சீட்டைப் பார்க்கிறான்.

நாம் இதைப் பழகுவதைக் கேள்விப்பட்ட ஒரு நண்பர், “வித்தையின் ரகசியத்தைப் பத்திரிகையில் எழுதி வித்தைக்காரன் வயிற்றில் அடிக்கலாமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வியே. சந்தைத் தோப்பில் செப்பையும் பந்தையும் வைத்துச் செப்படி வித்தை செய்கிறவனுடைய சூட்சுமத்தை நாம் எழுத மாட்டோம். ஏனென்றால் அவன் யாரையும் மோசம் செய்யவில்லை. கடைசியில் துண்டை விரித்து, வயிற்றைத் தட்டிக் காட்டி, “எல்லாம் இதுக்குத்தான் சாமி” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். உலகத்தில் அவனைப்போல் ஒப்புக்கொள்கிறவர் எத்தனை பேர்? அதே கைச்சாமர்த்தியத்தை வைத்துக் கொண்டு, வயிற்றைத் தட்டாமல் வானத்தைக் காட்டுகிறவனிடந்தான் நமக்குச் சண்டை.

வானத்தைக் காட்டாமல் சர்க்காரைக் காட்டினவரும் உண்டு. ராபர்ட் ஹூதான் என்ற பிரெஞ்சு வித்தைக்காரர் சீட்டு மோசக்காரர்களின் புரட்டுகளை 1861-இல் ஒரு புத்தகமாகவே எழுதி வெளியாக்கியவர். நல்ல காரியந்தான். ஆனால் அதற்கு ஐந்து வருஷம் முன்னே, 1856-இல், பிரெஞ்சு சர்க்கார் அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்குள்ள பக்கிரிகளின் அற்புதங்களைவிடப் பிரெஞ்சுக்காரரின் அற்புதம் பெரிது என்று அந்நாட்டு ஜனங்களுக்குக் காட்டுவதற்காக! குழந்தை தூக்கும் ஒரு சிறு பெட்டியை, அடியில் மின்சாரக் காந்தத்தை வைத்து, வாட்டசாட்டமான ஆளாலும் தூக்க முடியாமல் செய்து, உன் பலத்தை நான் எடுத்துவிட்டேன் என்றார். பிறகு எல்லாம் தந்திரமே என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டதாம். சொன்னாலும் என்ன? பயமுறுத்தத்தானே போனது? புரட்டை வெளியாக்குகிறவர் என்பதற்காகவே ஒருவரைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்ள நமக்குச் சம்மதமில்லை.

இனி, இந்த வித்தை நமது பிரசாரத்துக்கு எவ்வளவு தூரம் பயன்படும் என்பதைச் சொல்லுகிறோம். போன மாதம் சேக்காட்டில் ஒரு டீக்கடை வாசலில் செய்து காட்டி, சூட்சுமத்தையும் விளக்கினோம். ஜனங்கள் ரசித்தார்கள். நாமும் கொஞ்சம் பூரித்துப் போனோம். அப்போது ஓரமாக நின்ற கீரை விற்கும் ஒரு அம்மாள், “நீ சீட்டுலே பண்ணுறே, சரி. எங்க சாமியும் அப்படித்தான் பண்ணுறாருன்னு எப்படிச் சொல்லுறே? நீ பார்த்தியா?” என்றாள். கூட்டம் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் கேட்டதில் தப்பொன்றுமில்லை. ஒரு காரியத்தைத் தந்திரத்தால் செய்ய முடியும் என்பதனால், அதைச் செய்கிற ஒவ்வொருவரும் தந்திரத்தால்தான் செய்கிறார் என்று ருஜுவாகி விடாது. இதை ஒப்புக்கொள்ளாமல் மேடையில் கை தட்டு வாங்கினால் அது நமது பித்தலாட்டம்.

நாம் அந்த அம்மாளுக்குச் சொன்னது இதுதான்: “நான் பார்க்கவில்லை அம்மா. நீங்களும் பார்க்கவில்லை. ராணி நடுவில் விழுந்ததை இப்போது நீங்கள் பார்த்தீர்களா இல்லையா? பார்த்தேன் என்றீர்கள். அது விழவேயில்லை. ஆகையால் பார்த்தேன் என்பது போதாது. சோதித்தேன் என்று யாராவது சொல்லட்டும்.” இப்படிச் சோதனைக்கு அழைத்தவர்கள் உண்டு. இலங்கையில் டாக்டர் கோவூர் 1963-இல் ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் கட்டி, மோசத்துக்கு இடமில்லாத நிபந்தனைகளின் கீழ் ஓர் அற்புதத்தைச் செய்து காட்டும்படி அழைத்தார். 1978-இல் அவர் காலமாகும் வரையில் அப்பணத்தை யாரும் ஜெயிக்கவில்லை. கோயமுத்தூரை அடுத்த போத்தனூரில் இருந்த பிரேமானந்த், 2009-இல் காலமாகும் வரை, ஊர் ஊராய்ப் போய் வெறுங்கையில் விபூதி வரவழைத்துக் காட்டி, அது விரலிடுக்கில் ஒளித்த சிறு உருண்டையே என்பதையும் காட்டினார். அவ்விருவரும் வித்தையைக் கையால் கற்றவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு வாதம் செய்தவர்களல்ல.

படிப்பினால் மட்டும் இந்தக் கண் திறந்துவிடாது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. 1979-இல் ஒரு பெரிய பணக்காரர் கொடுத்த 5 லட்சம் டாலரைக் கொண்டு, மனோசக்தியால் கரண்டி வளைப்பவர்களை ஆராய வாஷிங்டன் சர்வகலாசாலையில் ஒரு ஆராய்ச்சிசாலை ஏற்பட்டது. தலைவர் பௌதிக சாஸ்திரப் பேராசிரியர். அங்கே தெய்வீக சக்தி உள்ளவர்களென்று வந்து சேர்ந்த இரண்டு வாலிபர்கள் வித்தை பழகினவர்கள். ஜேம்ஸ் ராண்டி என்ற வித்தைக்காரரின் ஏற்பாட்டின்படி வந்தவர்கள். எப்படிச் சோதித்தால் மோசத்தைப் பிடிக்கலாம் என்று ராண்டி அந்தப் பேராசிரியருக்கு முன்கூட்டியே கடிதமும் எழுதியிருந்தார், கேட்டது போதவில்லை. 1983-இல் விஷயம் வெளியானபோது உலகம் சிரித்தது. அவர்கள் மூடர்களல்ல. இயற்கையை ஆராய்ந்து பழகினவர்கள். இயற்கை வேண்டுமென்று பொய் சொல்லாது, மனிதன் சொல்லுவான்.

நமது தோழர்களில் பலர், கடவுளை நம்பாதவனை யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். சீட்டுக் கம்பெனி, இரட்டிப்பு வட்டி, மூலிகை வைத்தியம் என்று நம்மவர்கள் இழந்த பணத்தின் கணக்கை யாரும் வெளியில் சொல்லுவதில்லை. சேக்காட்டுத் தோழர் சொன்னார். அதற்காக நாம் அவரை முன்னிலும் அதிகமாக மதிக்கிறோம்.

இப்போது அவரே சீட்டுப் பழகி வருகிறார். நம்மைவிட அவருக்குக் கை நன்றாய்ப் படிந்திருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம் வீட்டுத் திண்ணையில் மூன்று சீட்டைப் போட்டு, ராணி எதுவென்று நம்மைக் கேட்டார். சூட்சுமம் முழுவதும் அறிந்த நாம், அவர் விரலையே பார்த்துக் கொண்டிருந்து, இடது ஓரச் சீட்டைத் தொட்டோம். கறுப்பு. இன்னொரு தடவை போடச் சொன்னோம். அதுவும் கறுப்பு.