எச்சரிக்கை விளக்கை அணைப்பது எவ்வாறு?

சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்குத் தனியொரு களை வந்துவிடுகின்றது. மலர்க் கண்காட்சி ஒருபுறம், குதிரைப் பந்தயம் மற்றொருபுறம். இவற்றினிடையே மோட்டார்ப் பந்தயமும் நடைபெறுகின்றது. மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து ஏற்றத்திலே 1930ஆம் ஆண்டுகளில் தொடங்கிய மலையேற்றப் பந்தயத்தைப் பற்றி அறியாத இளைஞர் மலைநாட்டிலே மிகச் சிலரேயாவர். அந்தப் பருவத்துக்குச் சில வாரங்களின் முன்னர், அட்டன் நகரத்துச் சிறு கராஜ் ஒன்றிலே நாம் கண்ட நிகழ்ச்சியை நேயர்களுக்குக் கூற விழைகின்றோம்.

எமது வண்டியின் ரயருக்கு ஒட்டுப் போடுவதற்காக அங்கே காத்திருந்தோம். அவ்வேளை, இருவர் மாத்திரம் அமரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்து நின்றது. வயது முப்பதுக்குக் குறையாது. 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கத்திலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. ஆகவே, பழைய வண்டிகளைப் பேணிக் காப்பது நம் நாட்டிலே ஆசையினால் மட்டும் நிகழ்வதன்று, தேவையினாலுமாகும்.

காரை ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர். மறுநாட் காலை, நேர்முகப் பரீட்சைக்காக மகளைக் கொழும்புக்கு அழைத்துச் செல்ல வேண்டும். காரிலோ ஏ.பி.எஸ். என்னும் மஞ்சள் விளக்கு அணையாது எரிந்துகொண்டிருந்தது. "தம்பி, பல்பைக் கழற்றிவிட்டால் போதுமென்று ஒருவர் சொன்னார். பத்து நிமிட வேலைதானே?" என்றார் அவர்.

கராஜிலே அன்று முதலாளி இல்லை. கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகனான இளைஞன் ஒருவனே இருந்தான். அவன் சற்றுத் தயங்கினான். பின்னர், "கழற்றித் தரலாம் ஐயா. ஆனால் அது எதற்காக எரிகிறதென்று ஒருமுறை பார்த்துவிடுவோமே" என்றான். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறு ஒருவாறு இணங்கினார்.

அவ்விளக்கின் பொருளை மாணவ நேயர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. வழுக்கும் தெருவிலே பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரங்கள் சுழலாது இறுகி, வண்டி சறுக்கத் தொடங்கும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. இதனைத் தடுக்கவே ஏ.பி.எஸ். அமைப்பு எழுந்தது. முதலிலே ஆகாய விமானங்களிற் பயன்பட்ட இம்முறை, 1978இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனத்தார் அமைத்த மின்னணு வடிவிலே பென்ஸ் கார்களுக்கு வந்தது. ஒவ்வொரு சக்கரத்தருகேயும் பல் வளையம் ஒன்று சுழல்கின்றது. அதனெதிரே காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட உணரி அமர்ந்திருக்கின்றது. உணரி தரும் மின் துடிப்புகளைக் கொண்டு கணினி சக்கரங்களின் வேகத்தைக் கணக்கிடுகின்றது. ஒரு சக்கரம் இறுகப் போவதாகக் கண்டால், அதன் பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பல தடவை தளர்த்தி இறுக்குகின்றது.

சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைதல் இயல்பு. அணையாவிடின் கணினி ஏதோ குறை கண்டு தன் பணியை நிறுத்திவிட்டது என்பது கருத்து. சாதாரண பிரேக் அப்போதும் வேலை செய்யும். ஆனால் சிவப்பு நிறப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரியுமாயின் வண்டியை ஓட்டவே கூடாது.

இளைஞன் எளியதிலிருந்து தொடங்கினான். பியூஸ் நல்ல நிலையில் இருந்தது, பற்றரியிலும் குறையில்லை. நான்கு ரயர்களும் ஒரே அளவினவா என்று பார்த்தான். அளவு வேறுபட்டாலும் கணினி ஏமாறுமாம். பின்னர் பரிசோதனை இணைப்பிலே இரு முனைகளை ஒரு கம்பியால் இணைத்தான். பழைய ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் இவ்வாறு செய்தால், அதே விளக்கு விட்டு விட்டு எரிந்து குறையின் எண்ணைச் சொல்லும். அது முன் இடப்பக்கச் சக்கரத்து உணரியைச் சுட்டியது.

ஆயினும் அவன் உடனே புதிய உணரி வாங்கச் சொல்லவில்லை. மீற்றரை எடுத்து நான்கு உணரிகளின் மின்தடையையும் அளந்தான். மூன்று, ஏறத்தாழ ஆயிரம் ஓம் காட்டின. இடப்பக்க உணரியோ ஒன்றும் காட்டவில்லை. அதன் கம்பியை அசைத்தபோது மாத்திரம் அளவு தோன்றி மறைந்தது. சக்கரம் திரும்பும்போதெல்லாம் வளைந்து வளைந்து, உறையினுள்ளே கம்பி முறிந்திருந்தது.

அந்தக் கம்பியைத் தொடர்ந்து கைவிளக்குடன் குனிந்தவன் சிறிது நேரம் எழவேயில்லை. பின்னர் பெரியவரை அருகே அழைத்தான். கம்பியை ஒட்டிச் செல்லும் பிரேக்கின் ரப்பர்க் குழாய் வெடித்து, பிரேக் ஒயில் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. தொட்டியிலே ஒயில் குறைந்திருந்தது. சிவப்பு விளக்கு எரியும் அளவுக்கு இன்னும் குறையவில்லை, அவ்வளவே. எஞ்சியிருந்ததும் தேயிலைச் சாயம்போற் கறுத்திருந்தது.

பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 4 வகை ஒயில் புதிதாயிருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறைந்து கொதிக்காது. ஈரமேறியபின் அவ்வெல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். கினிகத்தேனை இறக்கத்திலே பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறி ஒயில் கொதிக்கலாம். கொதித்தால் உண்டாகும் ஆவி அமுங்கும். கால் பலகை வரை சென்றாலும் வண்டி நில்லாது. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லைக் குறுக்குப் பாதையிலே பஸ், வான், முச்சக்கர வண்டி மோதி எழுவர் இறந்த துயரத்தை மலைநாட்டார் மறக்கவில்லை. இறக்கத்திலே வண்டி நிற்பதும் நில்லாததும் எத்தகைய காரியம் என்பதை நம்மவருக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "நாளைக்குப் பிள்ளையை ரயிலிற் கூட்டிப்போகிறேன். நீ ஆறுதலாகச் செய், தம்பி" என்றார்.

கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய உணரியொன்று வந்து சேர மூன்று நாள் சென்றது. உணரி அமரும் இடத்துத் துருவை இளைஞன் சுரண்டினான். துரு தடித்தால் உணரிக்கும் பல் வளையத்துக்கும் இடைவெளி கூடி, மெல்லச் செல்லும்போது துடிப்பு நலிந்துவிடும். முன் இரு குழாய்களையும் மாற்றிப் புதிய ஒயில் நிரப்பிக் காற்றை வெளியேற்றினான். பின்பு வெற்று மைதானத்திலே ஓட்டிப் பார்த்தான். சாவியைத் திருப்பியதும் எரிந்த விளக்குச் சில நொடிகளில் தானே அணைந்ததாம். இவற்றையெல்லாம், மறுமுறை அட்டன் சென்றபோது அவன் வாயிலாகவே அறிந்தோம். அந்தப் பெண்ணுக்கு வேலையும் கிடைத்துவிட்டதாம்!

நேயர்களே, பழைய வண்டி வைத்திருப்போர் இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் பிரேக் ஒயிலை மாற்றுக. நீண்ட இறக்கத்திலே தாழ்ந்த கியரிலே இறங்குக. ஏ.பி.எஸ். உண்டென்ற துணிவிலே விரையற்க. சரளைக் கல்லிலே அது வண்டியைச் சற்றுத் தூரம் கூடவே ஓடச் செய்தலும் உண்டு.

பல்பைக் கழற்றியிருந்தால் அன்றைக்குப் பத்து நிமிடத்தில் கூலியும் கிடைத்திருக்கும், பெரியவரும் மகிழ்ந்து சென்றிருப்பார். அந்த இளைஞன் அதனைச் செய்யவில்லை. தொழில் பழகும் நம் மாணவர்கள் அவனை நினைவில் வைத்துக்கொள்வார்களாக.