கடைசி வரிசைக்குக் கேட்கிறதா?

நல்ல கச்சேரி அரங்கம் எது என்று கேட்டால் வழக்கமாய் வருகிற பதில் எல்லாருக்கும் தெரியும். ஏசி இருக்கணும். மெத்தை நாற்காலி இருக்கணும். மைக் கத்தக் கூடாது. கார் நிறுத்த இடம் வேணும். கேன்டீனில் வடை சூடாய் இருக்கணும். இருக்கட்டும், எனக்கும் சூடான வடை பிடிக்கும். ஆனால் நான் கேட்பது வேறு. அந்த அரங்கத்திலேயே மோசமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு, உட்கார இடமில்லாமல் தூணோரம் நிற்கிறவருக்கு, என்ன கேட்கிறது? அதை வைத்துத்தான் ஓர் இடத்தை அளக்க வேண்டும் என்கிறேன். முதல் வரிசையிலிருந்து அளக்க ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எங்க ஊர்த் திருவிழாவில் நாயனக் கச்சேரி கோயில் முன்னால் நடக்கும். சேரிக்கு அது காற்று வழியாகத்தான் வந்து சேர்ந்தது. காற்று திரும்பினால் ராகம் பாதியில் அறுந்துபோகும். எங்கப்பா பறையடித்துக்கொண்டு சாமிக்கு முன்னால் போவார். கச்சேரி ஆரம்பிக்கிற நேரத்தில் அவர் அங்கே நிற்கக் கூடாது. "அந்தத் தவில்காரன் வாசிக்கிறத ஒருநாளாச்சும் முழுசாக் கேக்கணும்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்காமலே போய்ச்சேர்ந்தார். ஊரிலேயே தாளம் தெரிந்த காது அவருடையது.

காலேஜில் படிக்கும்போது நியூயார்க்கின் ஹார்லெம் பற்றி வாசித்தேன். அங்கே காட்டன் கிளப் என்று ஒரு கேளிக்கை விடுதி. 1927இலிருந்து டியூக் எலிங்டனின் குழு அங்கே வாசித்தது. மேடையில் கறுப்பர்கள், மேசைகளில் வெள்ளையர்கள். கறுப்பர் காசு வைத்திருந்தாலும் உள்ளே விட மாட்டார்கள். படித்ததும் எங்கப்பா ஞாபகம்தான் வந்தது. அதே லெனாக்ஸ் அவென்யூவில், நடந்துபோகிற தூரத்தில், 1926இல் திறந்த சவாய் நடன அரங்கில் இரண்டு நிறத்தாரும் ஒரே வாசலில் நுழைந்தார்கள், ஒரே தரையில் ஆடினார்கள். அங்கே இரண்டு மேடைகள் உண்டு. ஒரு குழு முடித்ததும் அடுத்தது ஆரம்பிக்கும், ஆடுகிறவன் காத்து நிற்க வேண்டியதில்லை. வந்திருக்கிறவனை மனதில் வைத்துக் கட்டிய இடம் என்றால் அது.

இன்னொன்று கஃபே சொசைட்டி. 1938இல் கிரீன்விச் வில்லேஜில் நிறப் பாகுபாடு பார்க்காமல் திறந்தது. பில்லி ஹாலிடே அங்கேதான் 1939இல் ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாட ஆரம்பித்தார். கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்றதைப் பற்றிய பாட்டு. அந்தப் பாட்டு வந்தால் பரிமாறுகிறவர்கள் தட்டோடு அப்படியே நிற்க வேண்டும். விளக்கெல்லாம் அணைந்து, அவர் முகத்தின் மேல் மட்டும் ஒரு வெளிச்சம். முடிந்ததும் இருட்டு. கைதட்டினாலும் திரும்பி வர மாட்டார். சின்ன இடம்தான். கேட்பதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது, அந்த ஒழுங்கு பாட்டுக்காக இருந்தது.

நம்ம சென்னைக்கு வருவோம். பேங்க்கில் பக்கத்து கவுண்டர் சார் ஒரு மார்கழியில் டிக்கெட் கொடுத்தார். "எனக்கு உடம்பு சரியில்லை, நீங்க வேணா போய்ட்டு வாங்கோ" என்றார். நல்ல மனுஷன். போனேன். வாசலில் நின்ற தொண்டர் என் டிக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "யாரு கொடுத்தா?" என்றார். எனக்கு முன்னால் போனவரைக் கேட்கவில்லை, பின்னால் வந்தவரையும் கேட்கவில்லை. கவுண்டரில் கள்ள நோட்டு பார்க்கிறவன் நான், எனக்குத் தெரியாதா அந்தப் பார்வை. உள்ளே போய் பால்கனிக்குக் கீழே கடைசியில் உட்கார்ந்தேன். மேலே கூரை தாழ்ந்து வந்தால் ஒலி அங்கே அமுங்கிப்போகும். பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. சரி, தனி ஆவர்த்தனம் வரட்டும், மிருதங்கத்தையாவது கேட்கலாம் என்று காத்திருந்தேன். வந்தது. உடனே பாதி சபை எழுந்து கேன்டீனுக்கு நடந்தது. என் முழங்கால்மேல் இடித்துக்கொண்டு போனவர்களுக்கு நடுவில், எங்கப்பா கேட்க ஆசைப்பட்டதைப் பாதிதான் கேட்க முடிந்தது.

அந்த மிருதங்கம் மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும். அதை இழுத்துக் கட்டித் தருகிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா எழுதிய புத்தகத்தை 2020 பிப்ரவரியில் கலாக்ஷேத்ரா அரங்கில் வெளியிட முதலில் அனுமதி கொடுத்தார்கள், பிறகு திரும்பப் பெற்றார்கள். வேறு இடத்தில்தான் வெளியீடு நடந்தது. தோல் மேடையேறலாம், தோல் கட்டியவன் கதை ஏற முடியாது. இப்படிப்பட்ட கட்டடத்தில் ஒலி எவ்வளவு துல்லியமாய் இருந்து என்ன?

சபாவை விட்டு மைதானத்துக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மான் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசல். பெண்கள் சீண்டப்பட்டதாகப் புகார். திறந்த வெளி என்பதால் மட்டும் அது மக்களுடைய வெளி ஆகிவிடாது.

ஆனால் பறைக்கும் கானாவுக்கும் வெளிதான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. பறையைத் தீயில் காய்ச்சித்தான் சுருதி ஏற்ற முடியும். மண்டபத்தில் தீ மூட்ட விடுவானா? வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் காய்ச்சிக்கொண்டு ஓடிவர வேண்டும், கொஞ்ச நேரத்தில் தோல் தளர்ந்துவிடும். கல்யாண மண்டபம் இன்னும் மோசம். சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை. ஒரு அடி விழுந்தால் அது சுவரெல்லாம் மோதி, அடங்குவதற்குள் அடுத்த அடி விழும். தாளம் கூழாகிவிடும். "பறைன்னாலே இரைச்சல்தான்" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் அதை இப்படிப்பட்ட அறையில்தான் கேட்டிருப்பார்கள் (மீதிப் பேருக்குக் காதில் கோளாறில்லை, சாதியில் கோளாறு).

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாய் மேடையேறியபோது நான் நின்றுகொண்டுதான் கேட்டேன். கால் வலித்தது. யாரும் "யாரு கொடுத்தா" என்று கேட்கவில்லை. சட்டியும் பறையும் ராப்பும் தனித்தனியாய்க் காதில் விழுந்தன. எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் தன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், ஒரு அடிகூடத் தப்பவில்லை.

இனி நம்ம விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். போன வருஷம் நம் தோழர்கள் நடத்திய கலை இரவு ஒன்றுக்குப் போயிருந்தேன். ஆறு மணி என்று நோட்டீஸ், எட்டேகாலுக்குத் தலைவர் வந்தார். அவர் வருகிறபோது அடிக்கச் சொல்லிப் பறைக்காரர்களை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். வந்ததும் "போதும் போதும்" என்று கையமர்த்தினார்கள். அதன்பின் மேடையில் பேச்சுதான். பறைக்காரர்களுக்கு நாற்காலி இல்லை, ஜெனரேட்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீக்கர் எல்லாம் மேடையின் இரண்டு பக்கத்திலும் கும்பலாய். முதல் வரிசைக்குக் காது கிழிந்தது, பின்னால் வார்த்தை புரியவில்லை. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. நூறு மீட்டர் தள்ளி நிற்கிறவருக்கு மேடைச் சத்தம் 0.3 விநாடி பிந்தித்தான் வரும். நடுவில் இரண்டு ஸ்பீக்கர் நட்டு, மேடைச் சத்தம் அந்த ஸ்பீக்கர் வரைக்கும் வந்து சேர எடுக்கிற நேரத்துக்குத் தாமதப்படுத்தி விட்டால் எல்லாருக்கும் தெளிவாய்க் கேட்கும். தாமதப்படுத்தாமல் வைத்தால் ஒரே அடி இரண்டு அடியாய்க் கேட்கும். சவுண்ட் சர்வீஸ் பையனுக்கு இது தெரியும். அவனைக் கேட்டவர் யார்?

பக்கத்துக் காலனியிலிருந்து இருபது பெண்கள் வந்திருந்தார்கள். கக்கூஸ் இல்லை. கடைசி பஸ் ஒன்பது நாற்பதுக்கு. பாட்டு ஆரம்பித்தது ஒன்பதரைக்கு. "இன்னாப்பா, இவ்ளோ நேரம் பேச்சக் கேட்டுட்டு பாட்டு வரச்சொல்ல கெளம்புறோமே" என்று ஒரு அக்கா செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார். அந்த அக்கா ஒப்பாரி பாடுகிறவர். காட்டன் கிளப்பை நாமும்தான் நடத்துகிறோம் என்று நான் சொன்னால் தோழர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

காசில்லை என்பீர்கள். ரோஜா மாலைக்கும் ஆளுயர பேனருக்கும் இருந்ததே. அதில் ஒரு பகுதியில் பெண்களுக்கு இரண்டு தடுப்புக் கழிப்பறை, குடிதண்ணீர் டிரம், பறை காய்ச்ச ஒரு மூலை, வாசிக்கிறவர்களுக்கு நாற்காலி, எல்லாம் வரும். முதல் வரிசை சோபாவை எடுத்துவிட்டால் அதன் வாடகையும் மிச்சம். பேச்சு இருக்கட்டும், பாட்டுக்குப் பின்னால் இருக்கட்டும். இருக்கிறவர் இருந்து கேட்பார்.

அடுத்த மாதக் கலை இரவுக்கு இடம் பார்க்கப் போகிறவர்கள் என்னையும் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பேங்க் லீவு. யாராவது ஒருவர் மேடை போடப்போகிற இடத்தில் நின்று பறையடிக்கட்டும். நான் கடைசியில் போய் நின்று கேட்கிறேன். அந்த அக்காவிடமும் சொல்லிவிட்டேன். பஸ் இருக்கிற நேரமாய்ப் பார்த்துச் சொல்லு, வர்றேன் என்றார்.