குட்டி கொடுத்தார்கள், குழைக்கு எங்கே போவது?

2009இல் போர் முடிந்த பின்னர் வடக்கில் வழங்கப்பட்ட வாழ்வாதார உதவிகளில் தையல் இயந்திரம், கோழிக்குஞ்சு, ஆடு ஆகிய மூன்றும் முன்னுக்கு நின்றன. இப்போது ஆட்டுக்கு முன்னால் 'கலப்பின' என்ற சொல்லும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஜமுனாபாரி, போயர் கிடாய்களை நாட்டு ஆட்டுடன் சேர்த்தால் பிறக்கும் குட்டி வேகமாக வளரும், இறைச்சிக்கு நல்ல விலை போகும், குடும்பம் நிமிரும் என்கிறார்கள். முதல் இரண்டும் பொய்யல்ல. மூன்றாவது தானாக நடப்பதில்லை என்பதே என் வாதம்.

வளர்ந்த நாட்டு வெள்ளாடு சுமார் 20 முதல் 25 கிலோ நிற்கும். தென்னாபிரிக்காவில் உருவான போயர் இனக் கிடாய் நன்றாக வளர்ந்தால் 90 கிலோவையும் தாண்டும். இவற்றின் கலப்புக் குட்டி தாயைவிடப் பெரிதாக வளர்வது இயல்பு. ஆனால் உடல் பெரிதானால் வயிறும் பெரிதாகும். 30 கிலோ ஆட்டுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 கிலோ பச்சைக்குழை வேண்டும். ஐந்து ஆடு என்றால் தினமும் ஒரு பெரிய கட்டுக் குழை.

அந்தக் குழை எங்கிருந்து வரும்? முன்னர் பூவரசும் கிளுவையும் சீமைக்கிளுவையும் வேலியிலேயே நின்றன. கொக்கத்தடியால் இழுத்தால் போதும். இடம்பெயர்ந்து திரும்பிய பல காணிகளில் இன்று முட்கம்பியும் தகரமும்தான் வேலி. வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேறியவர்களின் காணிகளில் ஒரு பகுதி இன்னும் விடுவிக்கப்படவில்லை. வன்னியில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கற்கள் பற்றிய முறைப்பாடுகள் ஓயவில்லை. மேய்ச்சல் தரையை இழந்தால் என்ன நடக்கும் என்பதை, மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனை மாட்டுப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டம் காட்டியது. ஆட்டுக்காரருக்கும் அதே கணக்குத்தான். குழை இல்லாவிட்டால் கடைத்தீவனம். 2022 நெருக்கடிக்குப் பின்னர் அதன் விலை ஏழைக்கு எட்டுவதாக இல்லை.

இனவிருத்தியிலும் கவனம் வேண்டும். சிறிய நாட்டு மறியைப் பெரிய போயர் கிடாயுடன் சேர்த்தால் ஈனுவது சிக்கலாகலாம். முதல் ஈற்று மறிக்கு அது உயிராபத்து. ஒரு கிராமத்துக்கு ஒரு கிடாயைக் கொடுத்துவிட்டு அதை அங்கேயே விட்டால், இரண்டு வருடத்துக்குள் அது தன் சொந்த மகள்களுடனேயே சேரும். பிறகு பிறக்கும் குட்டிகள் மெலியும், இறக்கும், கலப்பின் பலனும் போய்விடும். கிடாய்களைக் கிராமத்துக்குக் கிராமம் மாற்றிக்கொள்வதற்குப் பெரிய செலவில்லை, ஒழுங்குதான் தேவை. மாரிகாலத்தில் ஈரத்தரையில் நிற்கும் ஆட்டைக் குடற்புழு தின்றுவிடும். குட்டியுடன் பரண் கொட்டிலும் புழுமருந்தும் சேர்ந்து வரவேண்டும்.

கடைசியாகச் சந்தை. 30 கிலோ ஆட்டில் 13 முதல் 15 கிலோ வரை இறைச்சி தேறும். ஆனால் படலைக்கு வரும் வியாபாரி தராசு கொண்டு வருவதில்லை. கண்மதிப்பில் விலை சொல்வார். கிழமைக்கடன் கட்டவேண்டிய பெண்ணுக்குப் பேரம் பேச நேரமில்லை. ஆடு முழு எடைக்கு வருமுன்னரே கைமாறிவிடும். இலாபம் அதை வளர்த்தவளுக்கு அல்ல, காத்திருக்கக்கூடியவருக்குப் போகிறது. ஊருக்குள் பங்கு போட்டு இறைச்சி விற்பவர்கள் இந்த வித்தியாசத்தை நன்கு அறிவார்கள்.

ஆகவே கையளிப்பு நிகழ்வுப் படங்களைப் பார்க்கும்போது நாம் கேட்கவேண்டியவை வேறு. குழைக்குக் காணி இருக்கிறதா? கிடாயை எப்போது மாற்றுவார்கள்? கால்நடை வைத்தியர் அந்தக் கிராமத்துக்கு எத்தனை தடவை போவார்? பொதுத்தராசு ஒன்று வைக்கப்படுமா? ஒரு வருடம் கழித்து எத்தனை குட்டி உயிருடன் இருக்கிறது என்று யாராவது போய் எண்ணுவார்களா? பிரதேச செயலகமும் உதவி நிறுவனங்களும் இவற்றுக்கு எழுத்தில் பதில் தரவேண்டும். ஆட்டைப் பெறும் பெண்கள், கயிற்றை வாங்க முன்னரே இதைக் கேட்கலாம். கேட்பது நன்றிகெட்டதனம் அல்ல.