கறையை எடுக்கப் போய் மூச்சு அடைத்த கதை

"எங்கள் வீட்டுக் கழிப்பறை கட்டி ஏழு வருடம் ஆகிறது. போர் தண்ணீர்தான். பீங்கானில் மஞ்சளும் பழுப்புமாகக் கல் மாதிரிக் கறை பிடித்துவிட்டது. கடையில் விற்கும் பாட்டில் எல்லாம் போட்டுப் பார்த்தும் போகவில்லை. போன மாதம், சொட்டுநீர்க் குழாய் சுத்தம் செய்ய வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்த ஆசிட்டை ஊற்றினேன். அதற்கும் போகாததால், மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு மாமியாரைத் தேய்க்கச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் அவர் இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தார். சாயங்காலம் வரை திண்ணையில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கறையை எடுக்க வேறு வழி உண்டா? எங்களுடையது இரட்டைக் குழிக் கழிப்பறை. பின்னால் உரம் எடுக்கலாம் என்றார்கள். ஆசிட் விட்டால் உரம் கெடுமா?"

- ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து ஒரு வாசகி.

சகோதரி, கறை கிடக்கட்டும். முதலில் உங்கள் மாமியாரைப் பற்றிப் பேசுவோம். அன்று அவர் சுவாசித்தது குளோரின் வாயு. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் அது உண்டாகும். முதல் உலகப் போரில் எதிரிப் படையைக் கொல்ல விட்ட அதே வாயுதான். உங்கள் வீட்டுக் கழிப்பறை நாலடிக்கு நாலடி இருக்கும், ஜன்னல் என்ற பெயரில் ஒரு ஓட்டை இருக்கும். காற்றைவிட எடை கூடிய வாயு என்பதால் அது தரையோடு தேங்கி நிற்கும். குனிந்து தேய்ப்பவருடைய மூக்கும் அங்கேதான் இருக்கிறது. அவர் ஓடி வந்தது நல்லதாகப் போயிற்று.

இப்போதும் அவருக்கு இருமலோ மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதோ இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். யாருக்காவது இப்படி நேர்ந்தால் உடனே வெளிக்காற்றுக்கு அழைத்து வந்துவிட வேண்டும். கண் எரிந்தால் நல்ல தண்ணீரால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவ வேண்டும். மூச்சுத் திணறினால் 108-ஐ அழைக்க யோசிக்கவே கூடாது. இந்த வாயு உள்ளே போனால், முதலில் சரியானது போல இருந்துவிட்டுச் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் தொந்தரவு காட்டுவதும் உண்டு. கழிப்பறைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, நெடி அடங்கும் வரை யாரும் உள்ளே போகாதீர்கள்.

இன்னொன்று. சொட்டுநீருக்கு வாங்குகிற ஆசிட் சுமார் 30 சதவீதம் வரை வீரியம் உள்ளது. கழிப்பறைக்கென்று விற்பது அதில் மூன்றில் ஒரு பங்குதான். வயலில் அதைத் தண்ணீரில் கலந்து, திறந்த வெளியில், அளவு பார்த்து விடுகிறோம். வீட்டுக்குள் கொண்டுவரும் பொருள் அல்ல அது. அதைவிடப் பயம் தருவது, குளிர்பான பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி வாசலில் வைப்பது. குழந்தைக்கு அது தண்ணீராகத்தான் தெரியும். வந்த கேனிலேயே, பூட்டுப் போட்ட இடத்தில் இருக்கட்டும்.

இனி கறைக்கு வருவோம். நீங்கள் நினைப்பது போல அது அழுக்கு அல்ல. உங்கள் சொட்டுநீர்க் குழாயின் துளையை அடைக்கிறதே வெள்ளை உப்பு, அதேதான் இதுவும். போர் தண்ணீரில் கரைந்து வருகிற சுண்ணாம்புச் சத்து பீங்கானில் காய்ந்து காய்ந்து படிகிறது. அதன் மேல் சிறுநீரின் உப்பும் சேர்ந்து மஞ்சளாகக் கல்லாகிறது. அழுக்கு என்று எண்ணி சோப்பும் பிளீச்சிங் பவுடரும் போடுகிறோம். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், நிறத்தைக் கொஞ்சம் வெளுக்கும். கல் அப்படியே இருக்கும். அடுத்த வாரம் மறுபடி மஞ்சளாகும்.

எலுமிச்சம் பழத்தை அறுத்துக் கறையின் மேல் ஒரு மூடி பிழிந்து பாருங்கள். பொடிப்பொடியாக நுரைத்தால் சுண்ணாம்பு உப்புதான். நுரைக்காமல் செம்மண் நிறத்தில் கோடு கோடாக இறங்கியிருந்தால் இரும்பு. பிடித்து வைத்த தண்ணீர் மறுநாள் குடத்தில் சிவப்பாக அடி மண்டுகிற வீடுகளில் இதைப் பார்க்கலாம். இரும்புக் கறைக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டால் துரு இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து போதும். மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்றோ எலுமிச்சை உப்பு என்றோ கேட்டால் தருவார்கள். 100 கிராம் வாங்கி, கை பொறுக்கும் சூட்டில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பீங்கான் விரிசல் விட்டுவிடும். கடைசியாகப் பிளீச்சிங் பவுடரோ வேறு பாட்டில் மருந்தோ போட்டு இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும். இடையில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவியும் இருக்க வேண்டும். சிட்ரிக் ஆசிட்டும் ஆசிட்தான், வினிகரும் அப்படித்தான். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் இவையும் குளோரின் விடும்.

இரவு எல்லோரும் போய் வந்தபின், பீங்கானின் பள்ளத்தில் நிற்கும் தண்ணீரைப் பழைய குவளையால் முடிந்தவரை மொண்டு எடுத்துவிடுங்கள். தண்ணீர் நின்றால் மருந்து நீர்த்துப் போகும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, கரைசலில் நனைத்து, கறை உள்ள பக்கமெல்லாம் பற்றுப் போடுவது போல ஒட்டுங்கள். மீதியைப் பள்ளத்தில் ஊற்றிவிடுங்கள். நேராக ஊற்றினால் சரிவில் வழிந்து ஓடிவிடும், துணி இருந்தால் இரவு முழுக்க அங்கேயே நின்று வேலை செய்யும். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் யாருக்காவது அவசரம் என்றால் குச்சியால் துணியை எடுத்து வாளியில் போட்டுவிட்டுப் போகட்டும், குடி முழுகிவிடாது. துணியைக் குழியில் மட்டும் விடாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

காலையில் பிளாஸ்டிக் பிரஷ்ஷோ தேங்காய் நாரோ கொண்டு தேய்த்தால் மேல் படலம் சுண்ணாம்புக் குழம்பாக வரும். ஏழு வருடக் கல் ஒரே இரவில் போகாது. இரண்டு மூன்று இரவு வைக்க வேண்டியிருக்கும். செம்பழுப்புக் கறைக்கு இன்னும் ஓரிரு இரவு.

பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் வேண்டவே வேண்டாம். பொறுமை இல்லாமல் நான் அதைத்தான் எங்கள் வீட்டில் போட்டேன். அன்று பளபளத்தது. மேல் மெருகு கீறிப் போனதால் அடுத்த கறை முன்னைவிடச் சீக்கிரம் பிடித்தது, இன்றுவரை அந்தப் பீங்கான் மங்கலாகத்தான் இருக்கிறது. சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றினால் பொங்கி வந்து கறை போகும் என்று செல்போனில் காட்டுகிறார்கள். ஒன்று காரம், மற்றது அமிலம். ஒன்றை ஒன்று முறித்துக்கொள்ளும் நுரைதான் அது. கறைக்கு மிஞ்சுவது உப்புத் தண்ணீர்.

உரம் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. குழிக்குள் மலத்தை மக்க வைப்பது நுண்ணுயிர்கள். எருக்குழியில் ஆசிட் ஊற்றுவோமா? வீரியமான ஆசிட்டும் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் வாராவாரம் போனால் மக்குவது தடைபடும். ஆசிட் சிமெண்ட் பூச்சையும் டைல்ஸ் இடுக்கையும் அரிக்கும், அதன் வழியே கசிவும் நாற்றமும் வரும். எப்போதோ ஒருமுறை போகும் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் குழியை ஒன்றும் செய்யாது.

இரட்டைக் குழியில் ஒரு நேரத்தில் ஒரு குழிக்குத்தான் வழி திறந்திருக்க வேண்டும். பல வீடுகளில் கொத்தனார் இரண்டையும் திறந்தே விட்டுவிட்டுப் போயிருப்பார். அப்படி இருந்தால் உரம் என்ற பேச்சே இல்லை, இரண்டும் சேர்ந்து நிறையும். பீங்கானுக்கும் குழிக்கும் நடுவே உள்ள சிறு தொட்டியின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். நிறைந்த குழியை அடைத்து, மழைநீர் இறங்காமல் மூடி, குறைந்தது 2 வருடம் விட வேண்டும். பிறகு எடுக்கும்போது வாடையில்லாத கறுத்த மண்ணாக இருக்கும். தென்னைக்கும் மாமரத்துக்கும் வைக்கலாம். கீரைக்கும் பச்சையாகச் சாப்பிடும் காய்க்கும் வேண்டாம். ஈரமாக, நாற்றத்தோடு இருந்தால் மறுபடி மூடிவிடுங்கள்.

கறை திரும்ப வராமல் இருக்கத் தண்ணீரை மாற்ற முடியாது. ஆனால் உப்பு காய்ந்துதான் படிகிறது. போகும் முன் ஒரு குவளை ஊற்றிப் பீங்கானை நனைத்துக்கொண்டால் ஒட்டுவது குறையும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இரவில் இரண்டு கைப்பிடி சிட்ரிக் ஆசிட்டைக் கரைத்து ஊற்றிவிடுங்கள். அந்த வீட்டில் அதன் பிறகு பிளீச்சிங் பவுடர் கழிப்பறைப் பக்கம் வர வேண்டாம், தனி இடத்தில் இருக்கட்டும். மழைக்காலத்தில் ஓட்டிலிருந்து பிடிக்கும் தண்ணீர் இருந்தால் கழுவ அதை வைத்துக்கொள்ளுங்கள், அதில் இந்த உப்பு இல்லை.

போர் தண்ணீரை ஒருமுறை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்க்கவும் செய்யுங்கள், பாசன நீரையும் அங்கே சோதிப்பார்கள். பீங்கானில் இவ்வளவு படிகிறது என்றால் உங்கள் சொட்டுநீர்க் குழாயிலும் மண்ணிலும் எவ்வளவு படிகிறது என்று வீட்டுக்காரருக்கும் தெரியட்டும்.